பக்கத்து வயல்காரர் என்ன பண்றாரு? வைக்கோல் மண்ணுக்குப் போறதும் நெருப்புக்குப் போறதும்

எங்க சித்தப்பாவுக்கு மன்னார்குடி பக்கம் பதினோரு மா நிலம், டெல்டா கணக்கு தெரியாதவங்களுக்கு சொல்றேன், மூணு மா சேந்தா ஒரு ஏக்கர். ரெண்டு வருஷம் முன்னாடி குறுவை அறுப்பு முடிஞ்சு பெல்ட்டுல ஓடற அறுப்பு மிஷின் வயல விட்டு ஏறுன மறுநாள் சாயங்காலம் நான் அவரோட வரப்புல நின்னுக்கிட்டிருந்தேன். அக்டோபர் மாசம், மூணு நாளா நல்ல வெயில், ஆனா மழை வருதுன்னு டிவில சொல்லிட்டாங்க. மிஷின் துப்புன வைக்கோல் வரிசை வரிசையா வயல் முழுக்க கெடக்கு, வடக்குப் பக்கம் நாலஞ்சு வயல்லேந்து பொகை எழும்புது. "வைக்கோல என்ன சித்தப்பா பண்ணப் போறீங்க"ன்னு கேட்டேன். "எல்லாரும் கொளுத்தியாச்சு, நம்ம மட்டும் வச்சுக்கிட்டு என்னடா பண்றது"ன்னு சொல்லிட்டு சட்டைப் பையிலேந்து தீப்பெட்டிய எடுத்தார்.

அவருக்கு விஷயம் தெரியாதுன்னு நினைச்சிடாதீங்க. வைக்கோலும் சாணியும் குப்பையும் எருவாகி மண்ணுக்குப் போகணும்னு எனக்கு சொல்லிக் கொடுத்ததே அவர்தான், சின்னப் பையனா இருக்கப்ப எருக்குழி அடிய வெட்டி வண்டில ஏத்தறப்போ கூடவே நின்னு பாத்திருக்கேன். பயிர்க்கழிவ கொளுத்தாதீங்க, மக்க வைங்கன்னு நோட்டீஸ் அடிச்சு கொடுக்கறவங்க எல்லாம் விவசாயிக்கு தெரியலன்னு நினைச்சுத்தான் ஆரம்பிக்கறாங்க, அங்கதான் தப்பு நடக்குதுன்னு எனக்குத் தோணுது. அன்னைக்கு சித்தப்பா சொன்ன பதில்ல "எல்லாரும்"னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வார்த்தையப் பத்தித்தான்.

முதல்ல கணக்க பாத்துருவோம். ஒரு டன் நெல்லு வைக்கோல்ல சுமாரா 5.5 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 2.3 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 25 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்), ஒரு கிலோவுக்கு மேல கந்தகம், 400 கிலோ கரிமம் (கார்பன்) இருக்குன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்லுவாங்க. 25 கிலோ சாம்பல்சத்துன்னா கடையில வாங்கற பொட்டாஷ்ல ஒரு மூட்டைக்கு கொஞ்சம்தான் கம்மி. ஒரு ஏக்கர்ல ரெண்டு ரெண்டரை டன் வைக்கோல் தாராளமா வரும், அப்ப நீங்களே பெருக்கிப் பாத்துக்கங்க. கொளுத்துனா தழைச்சத்து கிட்டத்தட்ட முழுசா காத்தோட போயிடும், கந்தகம் பாதிக்கு மேல போயிடும், கரிமம் பொகையாயிடும். சாம்பலும் உரம்தானேன்னு பெருசுங்க சொல்றது முழுசா தப்பில்ல, பொட்டாஷ் பெரும்பாலும் சாம்பல்லயே நிக்கத்தான் செய்யுது, ஆனா அது குமிஞ்சு கெடக்கற எடத்துல மட்டும் நிக்கும், அடுத்த மழையில வாய்க்காலோட ஓடிரும். இதெல்லாம் தெரிஞ்சும் ஏன் கொளுத்தறாங்கங்கறதுக்கு மண்ணு பரிசோதனை கூடத்துல பதில் கெடைக்காது, ஊருக்குள்ளதான் தேடணும்.

"அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு"ன்னு ஒரு பழமொழி, இயற்கை விவசாயத்துக்காக பேசுன நம்மாழ்வார் ஐயா மேடைக்கு மேடை சொல்லி நெறைய பேருக்கு திரும்ப ஞாபகப்படுத்துன பழமொழி. பயிரோட அடித்தாள் நிலத்துக்கு, நடுவுல இருக்கற வைக்கோல் மாட்டுக்கு, நுனியில இருக்கற கதிரு மனுசனுக்கு. இத கேக்கறப்போ ஏதோ தனி ஆள் ஒழுக்கம் மாதிரி தெரியும், ஆனா உண்மையில இது ஒரு ஊர் முழுக்க சேந்து ஓட்டுன ஏற்பாடு. கதிர் அருவாளால அறுக்கறப்போ அடித்தாள் ஒரு சாண் நிக்கும், அத மடக்கி உழுவாங்க, குறுவைக்கு அப்பறம் நடற தாளடிங்கற பட்டத்துக்கு பேரே அந்தத் தாள மடக்கி உழுது நடறதுலேந்துதான் வந்துச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. கட்டு கட்டி களத்துக்குப் போன வைக்கோல் போராச்சு, போர்லேந்து மாட்டுக்கு, மாட்டுலேந்து எருக்குழிக்கு, எருக்குழிலேந்து கோடையில வண்டி கட்டி வயலுக்கு. சம்பா அறுத்து உளுந்து பயறும் எடுத்தப்பறம் ராமநாதபுரம் சிவகங்கை பக்கத்துலேந்து கீதாரிங்க ஆட்டு மந்தையோட வருவாங்க, நைட்டு நைட்டு வயல் மாத்தி மாத்தி ஆட்ட அடைச்சு கிடை போடுவாங்க, "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்"னு சும்மாவா சொன்னாங்க. அறுப்புக்கு வந்தவங்க, வண்டிக்காரர், கீதாரி, மாடு மேய்க்கறவர்னு எத்தனை கை பட்டா ஒரு பிடி வைக்கோல் திரும்ப மண்ணுக்கு வந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க. அந்தக் கைங்க ஒவ்வொண்ணா போனதுக்கப்பறம் பழமொழி மட்டும் நம்மகிட்ட இருக்கு.

மிஷின் வந்ததுல அறுப்பு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருது, ஆள் கெடைக்காத காலத்துல அது இல்லன்னா விவசாயமே இல்ல, அத நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா மிஷின் வைக்கோல் கட்டா வராது, கசங்கி துண்டு துண்டா வயல்லயே கெடக்கும், சம்பாவா இருந்தா காஞ்சிரும், குறுவையா இருந்தா ஒரு மழை அடிச்சா அழுகி நாத்தம். அதுக்குள்ள தாளடி நாத்து வயசாகிட்டே போகுது, நடவுக்கு சேறாக்கி சேடை ஓட்டணும், டிராக்டர்காரர் நாளைக்கு வரேன்னு சொல்லியிருக்கார், ரோட்டாவேட்டர்ல வைக்கோல் சுத்திக்கும்னு அவர் வேற அலுத்துக்கறார். இத்தனைக்கும் நடுவுல ஒரு தீக்குச்சி அஞ்சு நிமிஷத்துல வேலைய முடிச்சிருது.

இதே கதைய ரொம்ப பெருசா பஞ்சாப்ல பாக்கலாம். அங்க நிலத்தடி தண்ணிய காப்பாத்தறதுக்கு 2009ல ஒரு சட்டம் வந்துச்சு, ஜூன் மாசத்துல குறிப்பிட்ட தேதிக்கு முன்னாடி நெல்லு நடக்கூடாதுன்னு. நடவு தள்ளிப்போனா அறுப்பும் தள்ளிப்போகும், அதனால நெல்ல அறுத்து கோதுமை வெதைக்கறதுக்கு நடுவுல ரெண்டு மூணு வாரம்தான் மிச்சம். அதே நேரத்துலதான் காத்து அசையாம நிக்கற குளிர் காலமும் ஆரம்பிக்குது, பொகை டெல்லி வரைக்கும் போய் தேங்குது. 2015ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கொளுத்தறதுக்கு தடை போட்டுச்சு, 2018லேந்து மத்திய அரசு வைக்கோல கொளுத்தாம சமாளிக்கற மிஷின் வாங்க தனி ஆளுக்கு பாதி விலையும் குழுவா வந்தா 80 சதவீதமும் மானியம் கொடுத்துச்சு, 2024 நவம்பர்ல அபராதத்த ரெண்டு மடங்காக்கி ரெண்டு ஏக்கருக்கு கீழ உள்ளவங்களுக்கு 5,000, ரெண்டுலேந்து அஞ்சு ஏக்கருக்கு 10,000, அதுக்கு மேல 30,000 ரூபான்னு ஆக்குனாங்க. சட்டமும் இருக்கு, மிஷினும் இருக்கு, காசும் கொடுத்திருக்காங்க, ஆனாலும் வருஷா வருஷம் வயல் எரியுது. ஊர்ல பாதிப் பேர் கொளுத்தறப்போ அதிகாரி வந்து யார் மேல கேஸ் போடுவார்? அப்படி ஒருத்தர் மேல போட்டாலும் ஊரு அவர் பக்கம்தான் நிக்கும், அவர தப்பு பண்ணவரா யாரும் பாக்க மாட்டாங்க.

அங்க 2019ல நடந்த ஒரு ஆராய்ச்சி எனக்கு ரொம்ப முக்கியமா படுது. கெல்சி ஜாக், சீமா ஜெயச்சந்திரன், நம்ரதா காலா, ரோகிணி பாண்டேன்னு நாலு பொருளாதார அறிஞர்கள் பஞ்சாப்ல 171 கிராமத்துல செஞ்சது. சில ஊர் விவசாயிங்ககிட்ட, நீங்க கொளுத்தலன்னா அறுப்பு முடிஞ்சு சரிபாத்துட்டு காசு தரோம்னு சொன்னாங்க. வேற சில ஊர்ல அதே காசுல ஒரு பங்க முன்னாடியே கையில கொடுத்துட்டு மீதிய பின்னாடி தரோம்னு சொன்னாங்க. பின்னாடி மொத்தமா தரோம்னு சொன்ன ஊர்ல ஒரு வித்தியாசமும் இல்ல. முன்பணம் வாங்குனவங்கதான் கணிசமா கொளுத்தறத குறைச்சாங்க. தொகை ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான், நம்பிக்கைதான் வேற. காசு பின்னாடி வரும்னு சொன்ன எத்தனை வாக்குறுதிய விவசாயி பாத்திருப்பார், பயிர்க் காப்பீடுலேந்து கரும்பு பாக்கி வரைக்கும்? நம்ம பக்கத்துலயும் ஒரு திட்டம் ஜெயிக்கறதும் தோக்கறதும் அந்தத் திட்டத்த கொண்டு வர ஆள் மேல ஊருக்கு என்ன நம்பிக்கை இருக்குங்கறதுலதான் பாதிக்கு மேல இருக்கு.

சரி, "எல்லாரும்"ங்கற வார்த்தைக்கு வருவோம். மனுசங்க நடந்துக்கறதப் பத்தி ஆராய்ச்சி பண்ற ராபர்ட் சியால்டினின்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1990 வாக்குல ஒரு விஷயத்த தெளிவா பிரிச்சுக் காட்டுனார். மத்தவங்க என்ன பண்றாங்கன்னு நாம பாக்கறது ஒண்ணு, மத்தவங்க எத சரின்னு நினைக்கறாங்கன்னு நாம நினைக்கறது இன்னொண்ணு. ரெண்டும் நம்மள இழுக்கும், ஆனா ரெண்டும் எதிரெதிரா இழுத்தா நம்ம கண்ணு எங்க நிக்குதோ அது ஜெயிக்கும். குப்பை கெடக்கற எடத்துலதான் குப்பைய போடுவாங்கன்னு அவர் காட்டுனது ஊர்ல நாம தெனம் பாக்கறதுதான். கொளுத்தறது தப்புன்னு வாயால எல்லாரும் ஒத்துக்குவாங்க, ஆனா கண்ணுக்கு முன்னாடி நிக்கறது பொகைதான். "எல்லா எடத்துலயும் விவசாயிங்க வைக்கோலக் கொளுத்தறாங்க, நிறுத்துங்க"ன்னு ஊர்க் கூட்டத்துல மைக்க புடிச்சு சொன்னா கேக்கறவர் மனசுல நிக்கறது முதல் பாதிதான், எல்லாரும் பண்றாங்கங்கறது உறுதியாயிடுது.

இதுல இன்னொரு கண்ணு இருக்கு, அத நான் எந்த நோட்டீஸ்லயும் படிச்சதில்ல. வயல் பளிச்சுன்னு இருக்கணும்ங்கற கண்ணு. நடவுக்கு முன்னாடி வரப்பு சீவி, சேறு சமமா, தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கணும், அங்கங்க வைக்கோல் மொதந்துக்கிட்டு இருந்தா டீக்கடையில பேச்சு வரும், "அவன் வயல பாத்தியா, குப்பைமேடாட்டம் போட்டு வச்சிருக்கான்"னு. சோம்பேறிங்கற பேரு ஒரு விவசாயிக்கு கடன்காரன்ங்கற பேர விட வலிக்கும். வைக்கோல், சருகால மண்ண மூடி வைக்கற மூடாக்கு போடறவங்கள்லாம் இந்தப் பேச்ச தாண்டித்தான் வந்திருப்பாங்க, கரும்பு கொல்லையில காஞ்ச இலைய, அதான் சோகைய, பரப்பி வச்சவர், தென்னை மட்டைய மரத்தடியிலயே அடுக்குனவர், யார வேணா கேட்டுப் பாருங்க. சுத்தம்ங்கறது நம்ம ஊர்ல நல்ல விவசாயத்துக்கு அடையாளம், தீ வச்சா வயல் ஒரே நாள்ல சுத்தமாயிடுது. அந்த அடையாளம் மாறணும்னா மூடாக்கு போட்ட வயல் நல்லா வெளைஞ்சு அத நாலு பேரு பாக்கணும்.

ஆனா பாக்கறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, இத கொஞ்சம் விரிவா சொல்லணும். வைக்கோல்ல கரிமம் ரொம்ப ஜாஸ்தி, தழைச்சத்து ரொம்ப கம்மி, ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60லேந்து 80 பங்கு வரைக்கும் கரிமம். அத மண்ணுல மடக்கி உழுத உடனே நுண்ணுயிருங்க அத தின்ன ஆரம்பிக்கும், தின்னறதுக்கு அதுங்களுக்கு தழைச்சத்து வேணும், மண்ணுல இருக்கறத எடுத்துக்கும். அந்த நேரத்துல நட்ட பயிருக்கு பசி, இலை வெளுத்துரும். மூணு நாலு வாரம் போனா சரியாயிடும், நுண்ணுயிரு செத்து அந்த சத்து திரும்ப வரும், முன்கூட்டியே மடக்கி உழுது தண்ணி கட்டி ரெண்டு மூணு வாரம் விட்டா இந்தப் பிரச்சனையே பெருசா வராது, கொஞ்சம் யூரியாவோ சாணிக் கரைசலோ கூட விட்டா இன்னும் சீக்கிரம் மக்கும். ஆனா அந்த மூணு வாரம்தான் ஊரே உங்க வயல பாக்கற மூணு வாரம். பக்கத்து வயல் பச்சையா நிக்குது, உங்க வயல் மஞ்சளா நிக்குது. போறவர் வரவர் எல்லாம் நின்னு "என்னாச்சு தம்பி"ன்னு கேப்பாங்க. எங்க ஊர்ல ஒரு இளைஞர் முதல் வருஷம் இப்படி மாட்டிக்கிட்டார், வீட்டுலயே அவங்கப்பா பேசாம இருந்தார், அறுப்புல வெளைச்சல் குறையவே இல்ல, ஆனா அறுப்பு நாள்ல யாரும் வந்து அத பாக்கல. மஞ்சள பாத்தவங்க நாப்பது பேரு, மூட்டைய எண்ணுனவங்க ரெண்டு பேரு. அடுத்த வருஷம் அவரும் கொளுத்திட்டார்.

விவசாயிங்க ஒருத்தர பாத்து ஒருத்தர் கத்துக்கறதப் பத்தி பழைய ஆராய்ச்சியே இருக்கு. 1943ல பிரைஸ் ரையன், நீல் கிராஸ்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல 259 மக்காச்சோளம் போடற விவசாயிங்கள, புது ஒட்டு ரக விதைக்கு எப்படி மாறுனீங்கன்னு விசாரிச்சு எழுதுனாங்க. விதை இருக்குன்னு மொதல்ல தெரிஞ்சது பெரும்பாலும் கம்பெனி ஆளுங்க மூலமா, ஆனா போடலாம்னு மனசு மாறுனது பக்கத்து விவசாயிய பாத்து. 2010ல டிமோத்தி கான்லி, கிறிஸ்டோபர் உட்ரிங்கற ரெண்டு பேரு கானா நாட்டு அன்னாசி விவசாயிங்கள பாத்து எழுதுனதும் அதே மாதிரிதான், தான் பேசிப் பழகற ஆளுக்கு எதிர்பாராம நல்ல லாபம் வந்தா அவர் உரம் போட்ட அளவுக்கு இவங்களும் மாறிக்கறாங்க. இதுல கவனிக்க வேண்டியது, எல்லாரையும் பாத்து மாறல, பேசற ஆள பாத்துத்தான் மாறறாங்க. நம்ம ஊர்ல யாரு யார்கிட்ட பேசறாங்கங்கறதுல தெரு இருக்கு, சாதி இருக்கு, வாய்க்கால் பங்கு தகராறு இருக்கு. மேலத்தெருல ஒருத்தர் பத்து வருஷமா வைக்கோல மக்க வச்சு நல்லா வெளைய வைக்கறார்னா அந்த விஷயம் அரை கிலோமீட்டர்ல இருக்கற காலனிக்கு போய்ச் சேராமயே இருக்கலாம். சாணி அள்றது, எருக்குழி வெட்டறது இதெல்லாம் ஒரு காலத்துல பண்ணையாளுங்க தலையில கட்டுன வேலை, அந்த ஞாபகம் இருக்கற குடும்பத்துல எருக்குழிக்கு திரும்பப் போங்கன்னு சொல்றது வெறும் மண்ணு சத்து விஷயமா கேக்காது. அத புரிஞ்சுக்காம பேசறவங்க மேல எனக்கு கோபமே வரும்.

பரவுன கதையும் ஒண்ணு இருக்கு, அத சந்தோஷமா சொல்றேன். காசியாபாத்ல இருக்கற தேசிய இயற்கை விவசாய மையம் 2015ல வேஸ்ட் டீகம்போசர்னு, கழிவ மக்க வைக்கற நுண்ணுயிர் இருக்கற ஒரு சின்ன பாட்டில வெளியிட்டாங்க, அப்ப விலை 20 ரூபா. 200 லிட்டர் டிரம்ல தண்ணி, ரெண்டு கிலோ வெல்லம், அந்த பாட்டில்ல இருக்கறத கலக்கி தெனம் ஒரு குச்சியால கிண்டி விட்டா அஞ்சாறு நாள்ல டிரம் முழுக்க ரெடி. அதுலேந்து ஒரு குடம் எடுத்து அடுத்த டிரம்ல வெல்லத் தண்ணியோட ஊத்துனா அதுவும் ரெடி. அவ்வளவுதான், அது நம்ம பொம்பளைங்களுக்கு உறை மோர் மாதிரி ஆயிடுச்சு. எங்க ஊருக்கு அந்த பாட்டில் வந்தது ஒண்ணே ஒண்ணு, யாரோ திருவாரூர்ல ஒரு கூட்டத்துல வாங்கிட்டு வந்தது, அதுலேந்து சொம்புல, கேன்ல, தூக்குவாளியில எடுத்துட்டுப் போய் ஒரு மாசத்துல பதினஞ்சு வீட்டுல டிரம் வச்சிட்டாங்க. மானியம் இல்ல, மனு இல்ல, கையெழுத்து இல்ல. ஒரு பொருள் கை மாத்தி கொடுக்கற மாதிரி இருந்தா அதோட சேந்து பேச்சும் போகும், எத்தனை நாள் வச்ச, எவ்ளோ ஊத்துன, நாத்தம் வந்துச்சான்னு. வெல்லம் கம்மியா போட்டவங்க, காஞ்ச வைக்கோல் மேல ஊத்திட்டு ஈரம் வைக்காம விட்டவங்க எல்லாம் "அது வேலைக்காவாது"ன்னு சொல்லவும் செஞ்சாங்க, அந்தப் பேச்சும் அதே வேகத்துல போச்சு. பாதிப் பேரு நிறுத்திட்டாங்க. ஈரம் இல்லாம எந்த நுண்ணுயிரும் வேலை செய்யாதுன்னு அன்னைக்கு நின்னு சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தா கதை வேற மாதிரி போயிருக்கும்.

ஒரு ஆள் தனியா நல்லது பண்ணணும்னு நினைச்சாலும் முடியாத எடங்கள் இருக்கு, இதான் எனக்கு ரொம்ப முக்கியம். எங்க நிலத்துல நாலு வருஷம் முன்னாடி சம்பா அறுத்து வைக்கோல வரப்போரமா அம்பாரமா போட்டு வச்சிருந்தோம், மாட்டுக்கு பாதி, மக்க வைக்க பாதின்னு. அடுத்த வயல்ல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு தீ வச்சாங்க, மேல்காத்து, எங்க போரும் போச்சு, ஓரத்துல மொளைச்சிருந்த உளுந்து ரெண்டு மா கருகிப் போச்சு, வரப்புல நின்ன வேம்பு ஒரு பக்கம் வெந்துருச்சு. யாருன்னு சொல்ல வேணாம், அவர் வந்து மன்னிப்பும் கேட்டார், ஆனா எங்கப்பா அடுத்த வருஷம் என்ன சொன்னார்னா, "எப்படியும் எரியத்தான் போவுது, நம்மளே காத்து பாத்து பத்திரமா வச்சிருவோம்"னு. ஒருத்தர் வைக்கற தீ பக்கத்துல உள்ளவருக்கும் வேற வழியில்லாம பண்ணிடுது. கரும்பு கொல்லையிலயும் இதே பயம்தான். சோகைய பரப்பி மூடாக்கு போட்டா ஈரம் நிக்கும், களை அடங்கும், இளங்குருத்துப்புழு குறையும், எல்லாம் தெரியும், ஆனா பக்கத்துல ஒருத்தர் பீடிய போட்டா போதும், வெட்டுன அடியிலேந்து திரும்ப தழைக்கற மறுதாம்பு மொத்தமும் போயிடும். எலி வரும் பாம்பு வரும்னு பக்கத்து கொல்லைக்காரரே வந்து சண்டை போடுவார்.

அதே மாதிரி கோடையில மாடு அவுத்து விடற காலம் ஒண்ணு இருக்கு. உளுந்து பயறு எடுத்தப்பறம் வயல் எல்லாருக்கும் பொது மாதிரி, யார் மாடு வேணா மேயும். அது ஏழைங்க வீட்டு மாட்டுக்கு பெரிய ஆதாரம், அத நிறுத்தச் சொல்ற உரிமை யாருக்கும் இல்ல. ஆனா தழை உரத்துக்கு தக்கைப்பூண்டு போட்டு மடக்கி உழணும்னு நினைக்கறவர் அத நாலு பக்கமும் காவல் காக்க முடியாது, ஊர்ல பத்து பேரு சேந்து இந்தப் படுகைய, அதாவது சேந்தாப்புல இருக்கற இந்த வயலுங்கள, ரெண்டு மாசம் விட்டுக் கொடுங்க, அந்தப் படுகையில மேய்ச்சிக்கங்கன்னு உக்காந்து பேசுனாத்தான் ஆகும்.

குத்தகை விஷயம் சுருக்கமா சொல்றேன். டெல்டாவுல நெறைய வயல் பயிர் பண்றவங்க பேர்ல இருக்காது, சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருக்கறவங்க நிலம், கோயில் நிலம், மடத்து நிலம். 1955ல வந்த குத்தகைதாரர் பாதுகாப்பு சட்டம் நல்ல எண்ணத்துல வந்தது, ஆனா பேர் பதிஞ்சா நிலம் போயிடுமோன்னு பயந்து நிறைய ஓனருங்க எழுத்து இல்லாம வாய்ப்பேச்சா வருஷத்துக்கு வருஷம்தான் விடறாங்க. வைக்கோல மடக்கி உழுதா பலன் மூணாவது நாலாவது வருஷம் மண்ணுல தெரியும். அடுத்த வருஷம் இந்த வயல் நம்மகிட்ட இருக்குமான்னே தெரியாதவர் யாருக்காக மண்ண சேத்து வைப்பார்?

வீட்டுக்குள்ளயும் பாக்கணும். மாடு இருக்கற வீட்டுல வைக்கோல கொளுத்தறது அபூர்வம், ஏன்னா அந்த வீட்டுல வைக்கோல பத்தி முடிவு எடுக்கறது பொம்பளைங்க. பால் சொசைட்டிக்கு காலைல அஞ்சு மணிக்கு பால் ஊத்தறவங்களுக்கு ஒரு கட்டு வைக்கோல் என்ன விலைன்னு தெரியும், வயல்ல அத தீ வைக்கறத பாத்தா வயிறு எரியும். ஆனா வேளாண்மைத்துறை கூட்டம்னா முன் வரிசையில உக்கார்றது ஆம்பளைங்கதான். பருத்தி மார், துவரை மார், மொளகா மார்னு காஞ்ச செடித் தண்டு எல்லாம் முன்னாடி அடுப்புக்கு வீட்டுக்கு வந்துச்சு, வீட்டுக்கு வீடு கேஸ் வந்ததுல பொம்பளைங்களுக்கு பொகையிலேந்து விடுதலை கெடைச்சுது, ரொம்ப நல்ல விஷயம், ஆனா அந்த மாரு இப்ப காட்டு மூலையில குமிச்சு கொளுத்தப்படுது.

இப்ப எங்க பக்கம் பேலர் வந்திருக்கு, டிராக்டர் பின்னாடி மாட்டி வைக்கோல உருளை உருளையா கட்டிப் போட்டுட்டு போகுது. கேரளாவுக்கும் நாமக்கல் ஈரோடு பக்கமும் லாரி லாரியா போகுது. கொளுத்தறதுக்கு இது ஆயிரம் மடங்கு மேல், ஆனா நிலத்துப் பக்கத்துலேந்து பாத்தா ஒரு கேள்வி இருக்கு, லாரியில போன வைக்கோலோட அந்த 25 கிலோ சாம்பல்சத்தும் போயிடுச்சு, அது பாலக்காட்டுல யாரோ ஒருத்தர் தென்னந்தோப்புல சாணியா விழுது. வைக்கோல வித்தவர் அந்தக் காசுல எருவோ பொட்டாஷோ வாங்கி திரும்ப போடலன்னா மண்ணு வருஷா வருஷம் கொடுத்துக்கிட்டே இருக்கு. முன்னாடி அந்த வட்டம் ஊருக்குள்ளயே மூடுச்சு. இன்னொரு விஷயம், பேலர்காரர் ஒரு ஏக்கருக்காக முப்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வர மாட்டார், ஒரே படுகையில பதினஞ்சு இருபது ஏக்கர் சேந்து கெடந்தாத்தான் கட்டுப்படியாகும். நடுவுல ரெண்டு பேரு கொளுத்திட்டா தீ பரவற பயத்துல மத்தவங்களும் அவசரப்படுவாங்க, அப்பறம் வண்டி வராது.

போன வருஷ குறுவைக்கு எங்க ஊர்ல நடந்தத சொல்றேன். கீழத்தெருல ஒரு பெரியம்மா, அஞ்சு கறவை மாடு வச்சிருக்காங்க, படிப்பு அஞ்சாம் கிளாஸ். அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே அவங்க வீடு வீடா போய் பொம்பளைங்ககிட்ட பேசிட்டாங்க, "உங்க வைக்கோல எனக்கு கொடுங்க, கோடையில டிப்பர் கணக்குல எரு அடிக்கறேன், கூடப்பொறந்தவ மாதிரி சொல்றேன் ஏமாத்த மாட்டேன்"னு. அவங்களுக்கு தேவைப்பட்டது கொஞ்சம்தான், மீதிய பேலர்காரருக்கு வித்துக்கலாம், ஆனா அவங்க ஒரு வேலை பண்ணாங்க, முதல் டிப்பர் எருவ வைக்கோல் வாங்கறதுக்கு முன்னாடியே சித்தப்பா வயல் ஓரத்துல கொண்டு வந்து கொட்டிட்டாங்க. பஞ்சாப்ல முன்பணம் கொடுத்த கதை எனக்கு உடனே ஞாபகம் வந்துச்சு, அவங்க அத படிச்சிருக்க வாய்ப்பே இல்ல. சித்தப்பா அந்த எருக் குவியல ஒரு பிடி எடுத்து கையில உதுத்துப் பாத்தார், நல்லா மக்கிக் கறுப்பா இருந்துச்சு, மோந்து பாத்தார், ஒண்ணும் சொல்லல. அந்தக் குவியல் ரோட்டோரம் கெடந்ததால போறவர் வரவர் எல்லாம் யாருதுன்னு கேட்டாங்க. ஆறு வீடு சேந்துச்சு, பதினேழு ஏக்கர், பேலர் வந்துச்சு. அந்தப் படுகையில அந்த வருஷம் பொகை எழும்பல.

இந்த வருஷம் குறுவை நடவு முடிஞ்ச கையோட சித்தப்பா போன் பண்ணார். "தம்பி, நம்ம படுகைக்கு நடுவுல இருக்கற மூணு மா குத்தகை கைமாறிருச்சாம், புதுசா எடுத்தவன் பக்கத்து ஊரு, எவன்னு தெரியல. நீ டவுனு பக்கம் போறப்ப விசாரி, பெரியம்மா அவன் வீட்டுப் பொம்பளைகிட்ட பேசணும்ங்கறாங்க, அறுப்புக்கு முன்னாடி"ன்னார். நம்பர் வாங்கிட்டேன், ஞாயித்துக்கிழமை போறோம்.